சொந்தமானி

ஐரோப்பியர் என்றால் யார் என்ற கேள்விக்கு, ஐரோப்பாவே லிண்டன்ஹாஃபன் நகரில் வருடாவருடம் கூடி முப்பது வருடமாகப் பதில் தேடியது. கிடைக்கவில்லை. கிடைக்காததில் யாருக்கும் பெரிய கவலை இருந்ததாகவும் தெரியவில்லை. ஆற்றங்கரையில் நல்ல ஹோட்டல், மதியம் மூன்று வகை மீன், மாலையில் நகரபிதாவின் விருந்து. இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் நானும் முப்பது வருடம் தேடுவேன்.

நான் தேடவில்லை. மண்டபத்தின் பின்சுவரில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து மொழிபெயர்த்தவள் நான். பெயர் சுகந்தினி. ஊர் யாழ்ப்பாணம், அதுவும் ஆறு வயதுவரைதான். பிறகு லிண்டன்ஹாஃபன். 'நகரங்கள், அடையாளம், பாதுகாப்பு' என்று நீளமாகப் பெயர் வைத்த அந்த மன்றத்தில், மேடையில் யார் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசினாலும் கேட்பவர் காதுக்கு அது ஜேர்மனில் போகும். அந்த ஜேர்மன் என் வாயிலிருந்து வரும். பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ஒருவர் 'நான் இதை எதிர்க்கிறேன்' என்றால், 'அவர் எதிர்க்கிறாராம்' என்று நான் சொல்லக்கூடாது. 'நான் எதிர்க்கிறேன்' என்றே சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வேறொருவர் எழும்பி ஆதரித்தால் நானும் ஆதரிப்பேன். ஒரே பின்னேரத்தில் நான் அமைச்சராகவும் கடற்படைத் தளபதியாகவும் மரம் வளர்ப்போர் சங்கத் தலைவியாகவும் இருந்திருக்கிறேன். 'ஐரோப்பியராகிய நாங்கள்' என்று நான் சொன்ன அளவுக்கு எந்த ஐரோப்பியரும் சொல்லியிருக்க முடியாது.

என் கூட்டாளி லோத்தர். பெட்டிக்குள் எப்போதும் இருவர் இருப்போம். அரை மணிக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மூளை கரைந்துவிடும். இது விதி. நடைமுறை வேறு. லோத்தர் மதியம் மீன் சாப்பிட்டால் நித்திரை கொள்வார். அடையாளம் பற்றிய அமர்வுகளோ எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். ஆகவே காலையில் எரிவாயுக் குழாய், சுங்கவரி, கப்பல் போக்குவரத்து எல்லாம் லோத்தர்; மதியத்துக்குப் பிறகு ஐரோப்பாவின் ஆன்மா முழுவதும் என் தலையில். அவர் குறட்டை விடத் தொடங்கினால் நாற்காலியை ஒரு உதை உதைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து 'எமது பொதுவான விழுமியங்கள்' என்று தொடர்வேன்.

போன வருடம் கதை மாறியது. இரண்டு துறைமுகங்களில் அடுத்தடுத்துக் குண்டு வெடித்தது. வைத்தது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பயந்துபோன நகரங்கள், 'யார் எங்கள் ஆள், யார் வெளியாள் என்று உடனே தெரிய வேண்டும்' என்று பிடிவாதமாக நின்றன. அதற்குத்தான் மன்றத்திடம் பதில் இல்லையே. அந்த நேரம் பார்த்து ஃபாபியன் வந்து சேர்ந்தான்.

ஃபாபியன் கணினி விஞ்ஞானி. முப்பது வயது இருக்கும். சைக்கிள் தொப்பியைக் கழற்றாமலே கோப்பி குடிப்பான். எல்லோருக்கும் கதவு திறந்து பிடிப்பான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதி, திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்ல பிள்ளை என்பதால் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. அவன் பேசியது ஜேர்மனில். தமிழாக்கம் என்னுடையது, வழக்கம்போல.

"அடையாளம் பற்றி முப்பது வருடம் பேசியிருக்கிறீர்கள். அந்த ஒலிப்பதிவு முழுவதையும் யாராவது கேட்டார்களா?" என்றான்.

"கேட்டிருந்தால் விசர் பிடித்திருக்கும்."

"இயந்திரத்துக்குப் பிடிக்காது. அது எல்லாவற்றையும் கேட்டுவிட்டது. ஐரோப்பிய மனம் எப்படி யோசிக்கும், எப்படி நகரும் என்று அதற்கு இப்போது தெரியும்."

"உச்சரிப்பைப் பார்க்குமோ?"

"சேச்சே. நிறம், பெயர், உச்சரிப்பு எதுவும் கிடையாது. அது அநியாயம். நீங்கள் எதைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசலாம். எங்கே நிறுத்துகிறீர்கள், எப்படித் தொடங்குகிறீர்கள், மற்றவர் கருத்தை எப்படிக் கையில் எடுக்கிறீர்கள், இதைத்தான் பார்க்கும். நூற்றுக்கு இவ்வளவு என்று புள்ளி தரும்."

"புள்ளி குறைந்தால்?"

"நாற்பதுக்குக் கீழே என்றாலும் தண்டனை ஒன்றும் இல்லை. துறைமுகம், ரயில் நிலையம், மின் நிலையம் மாதிரி இடங்களில் வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான். எண்பதுக்கு மேல் வந்தால் நல்ல செய்தி. வெளிநாட்டவர் என்றால் அப்படியே நிரந்தர வதிவிட உரிமை."

அதற்கு மன்றம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். எங்கள் தமிழ் ஆட்கள் முதல் நாளே 'சொந்தமானி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெப்பத்துக்கு வெப்பமானி இருக்கிறது, சொந்தத்துக்கு இருக்கக்கூடாதா? முதலில் லிண்டன்ஹாஃபனில் மட்டும் பரீட்சித்துப் பார்ப்பது, இலையுதிர்காலக் கூட்டத்தில் எல்லா நகரங்களுக்கும் சேர்த்து முடிவெடுப்பது என்று ஏற்பாடு.

என் கணவர் கேதீஸ்வரன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறார். நான் குடியுரிமைக்காரி. இருபத்தைந்து வயதில் வந்த அவருக்கு இன்னும் தற்காலிக மஞ்சள் அட்டைதான். சட்டம் மூன்று தடவை மாறியது. மூன்று தடவையும் மனிதர் தகுதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். அட்டையைப் புதுப்பிக்கக் குடிவரவு அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறையும் நானும் போவேன். அதிகாரி கேட்பார், கேதீஸ் வாயைத் திறப்பார், அதற்குள் நான் பதில் சொல்லி முடித்திருப்பேன். அவருக்கு ஜேர்மன் தெரியாமல் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த ஜேர்மன்தானே. ஆனால் ஆள் நிதானம். அலுவலகத்தில் நிதானம் வேலைக்கு ஆகாது என்பது என் கட்சி.

சொந்தமானிக்கு முன்னால் தனியாகத்தான் இருக்க வேண்டும். நான் வெளியே நின்று நகம் கடித்தேன். மனிதர் முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். எண்பத்தெட்டு.

"என்னத்தைக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"உப்பைப் பற்றி."

"உப்போ?"

"ஓம். இருதய வருத்தக்காரருக்கு உப்பில்லாமல் சமைக்க வேணுமெல்லே. எப்பிடி ருசி எடுக்கிறதெண்டு சொன்னனான். தேசிப்புளி, வறுத்த சீரகம், உள்ளி. பேந்து ஒரு மனுசன் என்ர சூப்பை மூண்டு தரம் திருப்பி அனுப்பின கதை. இடையில ஒருத்தரும் மறிக்கேல்லை, சுகி. ஐஞ்சு நிமிசமும் கேட்டுக்கொண்டே இருந்தது."

இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கண்டு கனகாலம். அன்று வீடு முழுக்க ஆட்கள். ரோல்ஸ், வடை, கடையில் வாங்கிய பெரிய கேக். எங்கள் ஆட்களில் கனபேருக்கு எண்பதுக்கு மேல் வந்திருந்தது. சனிக்கிழமைகளில் நான் நடத்தும் ஜேர்மன் வகுப்பில் படித்த அத்தனை பேரும் பாஸ். 'கடைசியில எங்களையும் மனுசராக் கண்டுபிடிக்க ஒரு மெசின் வேண்டியிருந்திருக்கு' என்று யாரோ பகிடி விட்டார்கள். நானும்தான் சிரித்தேன்.

அந்தச் சத்தத்துக்குள் கீழ்வீட்டு உல்ரிக்கா வந்தாள். நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஓடும் சின்னப் பயணிகள் படகை ஓட்டுபவள். அவளுக்கு முன் அவளுடைய தகப்பன் ஓட்டினார். அவள் பேசுவது ஆற்றங்கரை ஜேர்மன். நகரத்துக்காரருக்கே பாதி விளங்காது. அதை யாழ்ப்பாணத் தமிழில் தருவதுதான் நியாயம்.

"எனக்கு முப்பத்தொண்டு," என்றாள்.

கையில் ரோல்ஸோடு எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ என்னத்தைக் கதைச்சனி?" என்றேன்.

"கதைக்க என்ன கிடக்கு? 'இண்டைக்குத் தண்ணி கூட, நாளைக்கு இறங்கும்' எண்டன். முடிஞ்சுது. பெட்டி இன்னும் கேட்டுக்கொண்டு நிண்டுது. நானும் அதைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழத் தொடங்கிவிட்டாள். துறைமுகம் பாதுகாப்பு வட்டத்துக்குள் வருகிறது. மன்றம் சரி என்று கைதூக்கினால் அடுத்த மாதம் அவள் படகில் கால் வைக்க முடியாது. "படகில்லாட்டி எனக்கு வேற என்ன தெரியும், சுகி?" என்று கேட்டாள். கேதீஸ் அவளுக்கு ஒரு தட்டில் ரோல்ஸ் வைத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் என்னிடம் கேட்டது இன்னும் மோசம். "உங்கட ஆக்கள் மாதிரிக் கதைக்க எனக்குச் சொல்லித் தா." ஏழு தலைமுறையாக அந்த ஆற்றில் கிடக்கும் குடும்பத்துக்காரிக்கு, ஐரோப்பியராக இருப்பது எப்படி என்று யாழ்ப்பாணத்துக்காரி வகுப்பெடுக்க வேண்டும். சரி என்றேன். காலையில் அவள் படகில் ஏறி நின்று பாடம் நடத்தினேன்.

"'ஒருபக்கம் பார்த்தால்' எண்டு தொடங்கு. பேந்து 'மறுபக்கம் பார்த்தால்' எண்டு சொல்லு."

"ஆத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கு, அது எனக்குத் தெரியும். ஆனா தண்ணி கூடவெண்டா ரெண்டு பக்கமும் கூடத்தான்."

"உண்மைதான். ஆனாலும் சொல்லு."

"பொய் சொல்லச் சொல்லுறியோ?"

இரண்டாம் முறை பரீட்சைக்குப் போனாள். முப்பத்திரண்டு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முந்தி, கோப்பி இடைவேளையில், ஃபாபியன் எங்கள் மேசைக்கு வந்தான். எல்லாம் நன்றாகப் போகும் பிள்ளையின் முகம். "நூற்றுக்கு நூறு எடுக்கும் ஐரோப்பியர் எப்படிப் பேசுவார் என்று கேட்கிறீர்களா? இயந்திரமே உருவாக்கியது," என்று கைபேசியை எங்களுக்கு நடுவில் வைத்தான்.

ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் ஒரு இயந்திரக் குரல். ஆனால் அந்த நடை. கொஞ்சம் காத்திருந்து, ஒரு அரை மூச்சு இழுத்து, 'ஆக, இதன் பொருள்' என்று தொடங்கி, வாக்கியத்தின் வாலை மட்டும் அவசரமாக முடித்தது. பாதியில் ஒரு சின்ன நிறுத்தம். பிறகு விட்ட இடத்திலிருந்து, ஒன்றும் நடக்காதது போல ஓடியது.

"இந்த நிறுத்தத்தைக் கவனித்தீர்களா?" என்றான் ஃபாபியன். "சிந்தனை இடைவெளி என்கிறோம். ஐரோப்பிய மனம் தன்னையே ஒரு கணம் சந்தேகித்துப் பார்க்கிறது. எங்கள் கண்டுபிடிப்பிலேயே அழகானது இதுதான்."

அது லோத்தரின் நாற்காலியை நான் உதைக்கும் கணம்.

நான் லோத்தரைப் பார்த்தேன். லோத்தர் தன் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். "தம்பி," என்றார் மெதுவாக, "நீங்கள் எந்த ஒலிப்பதிவை அதற்குக் கொடுத்தீர்கள்?"

"ஜேர்மன் அலைவரிசை, அடையாளம் பற்றிய அமர்வுகள் மட்டும். மேடையில் எத்தனையோ மொழி பேசியிருக்கிறார்கள். இதில் எல்லாமே ஒரே மொழியில் சுத்தமாக இருந்தது. பழைய பதிவுகள் கெட்டுப்போய்விட்டன, கடைசிப் பதினெட்டு வருடம்தான் கிடைத்தது. தனியுரிமைச் சட்டம் இருப்பதால் குரல்களை நீக்கிவிட்டு, சொற்களையும் நடையையும் மட்டும் எடுத்தோம்."

"ஒவ்வொரு பேச்சும் 'நான்', 'நாங்கள்' என்று இருந்ததால்..." என்று இழுத்தேன்.

"ஆமாம், பேசியவரே பேசுகிறார். வசதியாகப் போயிற்று," என்று சொல்லிவிட்டு, யாருக்கோ கதவு திறந்துவிட ஓடினான்.

கேதீசுக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புள்ளிகள் வந்த வழி எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் படித்தது என் ஜேர்மன். என் இழுவை, என் அரை மூச்சு, கோதாரி பிடித்த அந்த உதையின் இடைவெளி உட்பட. தகப்பனுக்கும் தாய்க்குமாக டொக்டரிடமும் அலுவலகத்திலும் பேசிக் கொடுத்தே வளர்ந்த துருக்கிப் பிள்ளைகள், அரபுப் பிள்ளைகள் எல்லோரும் நல்ல புள்ளி எடுத்ததும் விளங்கியது. மற்றவரின் சொல்லை வாங்கி 'நான்' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இயந்திரம் அள்ளிக் கொடுத்திருக்கிறது. தன் பேச்சைத் தானே பேசிய உல்ரிக்காவுக்கு முப்பத்தொன்று.

"சொல்லப் போகிறீர்களா?" என்று லோத்தர் கேட்டார்.

"சொன்னால் கேதீசின் எண்பத்தெட்டு போய்விடும். இந்தக் கூட்டத்தில் கைதூக்கினால் அடுத்த கிழமை அவருக்கு நிரந்தர அட்டை."

"சொல்லாவிட்டால் உங்கள் படகுக்காரி?"

"நீங்கள் சொல்லுங்களேன்."

"பதினெட்டு வருடம் நித்திரை கொண்ட கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வருமே," என்றார் அவர், உண்மையான கவலையோடு.

மறைக்க ஒன்றுமில்லை, அன்று மாலை எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஒரு கண்டத்தையே என் நடையால் அளக்கிறார்கள் என்றால் சும்மாவா? வீட்டுக்குப் போய் கேதீசிடம் சொல்ல வாயெடுத்தேன். மனிதர் நிரந்தர அட்டை வந்ததும் யாரையும் கேட்காமல் ஒரு தரம் லிஸ்பன் போய் வரலாம், கடல் பார்க்கலாம் என்று வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டத்தன்று காலை உல்ரிக்காவின் படகில் போனேன். நான் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. சுக்கானைப் பிடித்தபடி, தண்ணீரைப் பார்த்து, தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒருபக்கம் பார்த்தால்... மறுபக்கம் பார்த்தால்..." பள்ளிக்கூடத்தில் பாடம் வராத பிள்ளை மாதிரி. அவள் பேச்சைக் கெடுத்தது நான். அதுவும் ஒரு நாற்காலியை உதைத்துக் கெடுத்திருக்கிறேன்.

மதிய மீனுக்குப் பிறகு பெரிய அமர்வு. மேடைக்கு மேலே அகலத் திரை. பேசுபவரின் புள்ளி உடனுக்குடன் அதில் விழும், ஃபாபியனின் ஏற்பாடு. ஜேர்மன் அலைவரிசையைக் கேட்டுத்தான் அது புள்ளி போடும். முதலில் எழும்பியவர் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஹால்வோர், வட ஐரோப்பிய ஆள், நல்ல உயரம். ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் ஜேர்மனில் தொடர்ந்தேன்.

"ஐரோப்பா ஒரு கோட்டை அல்ல. ஆனால் கோட்டைக்கு ஒரு வாசல் இருக்க வேண்டும். அந்த வாசலில் இனி நாங்கள் நிற்க வேண்டியதில்லை..."

திரையில் தொண்ணூற்றாறு. மண்டபம் கைதட்டியது. ஹால்வோர் நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் லோத்தர் அன்றைக்கு மட்டும் கண்ணை விழித்துக்கொண்டு இருந்தார். மீன் சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

ஹால்வோர் ஒரு சொல்லும் தடுமாறவில்லை. அதே பேச்சு, அதே மிடுக்கு. ஜேர்மனில் மட்டும் லோத்தர். திரையில் எண் இறங்கத் தொடங்கியது. எழுபது. ஐம்பத்திரண்டு. முப்பத்தேழு. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். ஹால்வோர் திரும்பிப் பார்த்து, குரலை உயர்த்தினார். முப்பத்தைந்து.

நான் ஒலிவாங்கியை வாங்கினேன். அறுபது, எண்பது, தொண்ணூற்றைந்து. திரும்ப லோத்தருக்குக் கொடுத்தேன். இறங்கியது. இப்போது சிரிப்புச் சத்தம் வரத் தொடங்கிவிட்டது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தன. பதினெட்டு வருடத்தில் யாரும் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. ஃபாபியன் தொப்பியைக் கழற்றியதை அன்றுதான் கண்டேன்.

அவைத் தலைவி ஒலிவாங்கியைத் தட்டினார். "மொழிபெயர்ப்பாளருக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

எங்கள் தொழிலில் மற்றவருக்காக மட்டும்தான் 'நான்'. எங்களுக்காகப் பேச நேர்ந்தால் 'நான்' என்று சொல்லக்கூடாது, கேட்பவர் குழம்பிவிடுவார்கள். ஆகவே சொன்னேன்:

"மொழிபெயர்ப்பாளர் தெரிவிக்க விரும்புவது: இந்த இயந்திரம் கேட்டது உங்களை அல்ல. பதினெட்டு வருடமாக அது மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருக்கிறது. சிந்தனை இடைவெளி என்பது மொழிபெயர்ப்பாளர் தன் கூட்டாளியை எழுப்பும் நேரம். இதை வைத்து ஒரு படகோட்டியின் வேலையைப் பறிக்க வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொள்கிறார்."

மன்றம் அன்று கைதூக்கவில்லை. வழக்கம்போல ஒரு குழு அமைத்தது. எல்லாப் புள்ளிகளும் இரத்து. உல்ரிக்காவுக்கு அவள் படகு மிஞ்சியது. பின்னேரம் நான் ஏறியபோது என்னைக் கட்டிப்பிடித்து, "தண்ணி இறங்கிட்டுது," என்று மட்டும் சொன்னாள். சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன். கேதீஸ் விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல மனிதர் அவர்.

அவர் வேலை உடுப்போடு சமையலறை மேசை முன்னால் இருந்தார். செய்தியில் பார்த்துவிட்டார்.

"உல்ரிக்காவுக்காகத்தான்," என்றேன். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. அந்தப் புள்ளியெல்லாம் உண்மையில என்ர..."

"தெரியும். டிவியில சொன்னவை. அது உம்மட கதையாம்." மேசையைப் பார்த்தபடி சொன்னார். "அந்த ஐஞ்சு நிமிசத்தில உப்பைப் பற்றிக் கதைச்சது ஆர், சுகி? அதுவும் நீரோ?"

கதிரையை இழுத்து அவருக்கு எதிரே இருந்தேன்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?"

"ஓமெண்டுதான் சொல்லியிருப்பன். கீழ்வீட்டுப் பிள்ளையின்ர படகைத் திண்டுட்டு எனக்கு லிஸ்பன் என்னத்துக்கு? ஆனா அதை நான் சொல்லியிருப்பன். அதையும் நீரே சொல்லிப்போட்டீர்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரிக்குச் சரி போயிருக்கும். எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு, எனக்கும் சேர்த்துச் சோறு போட்டார். அந்த எண்பத்தெட்டை அவரிடமிருந்து எடுத்ததற்கு எனக்கு வருத்தமில்லை. எடுத்த விதத்துக்கு இன்றுவரை வருத்தம் இருக்கிறது.

மஞ்சள் அட்டை முடிகிற மாதம் வந்தது. குடிவரவு அலுவலகத்துக்கு நானும் கிளம்பினேன், பழக்கம். அறை வாசலில் பெயர் கூப்பிட்டதும் கூடவே எழும்பினேன். கேதீஸ் என் தோளைத் தொட்டு அமர்த்தினார்.

"நீர் இரும்."

"அந்த அதிகாரி கெதியாக் கதைக்கும். உங்களுக்கு..."

"மெதுவாக் கதைக்கச் சொல்லுவன்."

கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். உள்ளே பெண் அதிகாரியின் குரல் படபடவென்று கேட்டது. பிறகு அமைதி. அந்த அமைதி எனக்குத்தான் தாங்கவில்லை. பதில் என் தொண்டைவரை வந்துவிட்டது, இலக்கணப் பிழை இல்லாமல், தயாராக. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஆபிரிக்கப் பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். உள்ளே கேதீஸ் தொடங்கினார். மெதுவாக, ஒரு சொல்லை விட்டு, வேறு சொல்லைத் தேடி எடுத்து. என் அரை மூச்சு அதில் இல்லை. உதையும் இல்லை. நடுவில் ஒருமுறை அதிகாரி சிரித்தது கேட்டது.

நேரம் போய்த்தான் வெளியே வந்தார். கையில் அட்டை. நான் முதலில் நிறத்தைப் பார்த்தேன். மஞ்சள். பழையபடி இரண்டு வருடம்.

"என்ன சொன்னவ?" என்று அவர் கையைப் பிடித்தேன். "ஏன் நிரந்தரம் தரேல்லையாம்? நான் போய்க் கதைக்கட்டே?"

கேதீஸ் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தார்.

"அவ சொன்னதை விடும், சுகி," என்றார். "நான் என்ன சொன்னனான் எண்டு கேளும்."